நிற்கிற லாரிக்கு யார் கணக்கு எழுதுவது?



ஓடுகிற லாரியைப் பற்றி நம் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. வேகமாகப் போகிறது, வழி விடமாட்டேன் என்கிறது, ஹாரன் காதைக் கிழிக்கிறது என்போம். நிற்கிற லாரியைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் கிடையாது. ராஜபாளையம் ரோட்டிலோ திருநெல்வேலி ரோட்டிலோ ஒரு கிடங்கு வாசலில் நாலைந்து லாரிகள் வரிசையாக நின்றால், "லோடு இறக்க நிக்குது" என்று சொல்லிவிட்டு நம் வழியே போய்விடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்த நிற்கிற லாரியைப் பற்றியது. நான் மெக்கானிக்கல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் சித்தப்பா லாரி டிரைவர். ஊரில் இருக்கும் நாளில் ரோட்டைப் பற்றியும் போலீசைப் பற்றியும் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேச்செல்லாம் கிடங்கைப் பற்றித்தான். "ஏலே, ஓடுறதுக்கு நமக்கு அலுப்பே கெடையாது. நிக்கிறதுக்குத்தாம்ல அலுப்பு" என்பார். இதை டிரைவர்களின் வழக்கமான புலம்பல் என்று தள்ளிவிடாமல், நாம் வகுப்பில் படித்த பாடத்தை வைத்து அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதன் பயனே இது.

பாடத்தில் படித்த 'டி'

வேலை ஆய்வு பாடத்தில் செயல்முறை வரைபடம் போடச் சொல்லித் தருகிறார்கள். பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த முறை அது. பின்னர் 1947இல் அந்தச் சங்கம் ஐந்து குறிகளைத் தரப்படுத்தியது. வட்டம் என்றால் செயல். அம்பு என்றால் இடமாற்றம். சதுரம் என்றால் சோதனை. தலைகீழ் முக்கோணம் என்றால் இருப்பு. ஆங்கில 'டி' எழுத்து என்றால் தாமதம்.

நாம் இதை லேத்தில் திருகும் ஒரு ஷாப்ட்டுக்குப் போட்டுப் பழகுகிறோம். ஒரு பொருள் மூலப்பொருளாக உள்ளே வந்து முடிந்த பொருளாக வெளியே போகும் வரை எத்தனை 'டி' வருகிறது என்று எண்ணி, அதைக் குறைப்பதே நல்ல பொறியாளனின் வேலை என்கிறோம். ஆனால் தொழிற்சாலை கேட்டோடு நமது வரைபடம் நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரிக்கு யாரும் வரைபடம் போடுவதில்லை. அங்கே இருக்கும் 'டி'தான் எல்லாவற்றையும் விடப் பெரியது.

ஒரு பயணம், ஒரு நோட்டு

சென்ற செமஸ்டர் விடுமுறையில் சித்தப்பா வண்டியில் நானும் போனேன். நமது ஊர் விசைத்தறித் துணி பேல்களை ஏற்றிக்கொண்டு வெளியூர்க் கிடங்கு ஒன்றுக்குப் போகும் லோடு. கிடங்கின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு நோட்டில் மணியை மட்டும் குறித்து வந்தேன்.

காலை 6.40க்குக் கிடங்கு வாசலில் வண்டி நின்றது. எங்களுக்கு முன்னே வேறு வண்டிகள் நின்றன. கேட்டில் இருந்தவர், "டிரைவர் அண்ணே, ஓரமா போடுங்க. சார் வந்தாத்தான் டோக்கன்" என்றார். சார் வந்து டோக்கன் தந்தபோது மணி 8.15. அதன் பிறகு வண்டியை இறக்குமேடைக்கு விட்டது பிற்பகல் 3.30க்கு. இடையில் பில் சரிபார்த்தார்கள். லோடுமேன்கள் சாப்பிடப் போனார்கள். பின்னால் வந்த கிடங்கின் சொந்த வண்டி முதலில் உள்ளே போயிற்று. இறக்கும் வேலை 4.50க்கு முடிந்தது. ஆனால் ரசீதில் கையெழுத்துப் போட்டு சீல் வைக்க வேண்டியவர் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார். அவர் வந்து காகிதம் கைக்குக் கிடைத்தபோது 6.10.

நண்பர்களே, கூட்டிப் பாருங்கள். வாசலுக்கு வந்தது முதல் வெளியேறியது வரை 11 மணி 30 நிமிடம். அதில் சரக்கு உண்மையில் இறங்கிய நேரம் 1 மணி 20 நிமிடம். மீதி 10 மணி 10 நிமிடமும் 'டி'தான். அதிலும் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம், சரக்கு இறக்கிய நேரத்துக்குச் சரியாகச் சமம்!

இது ஒரே ஒரு பயணம். எல்லாக் கிடங்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைச் சித்தப்பாவிடம் கூட்டிக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அன்னிக்கே இறங்கிட்டில்லா, அது நல்ல நாளுல" என்றார்.

நிற்பதில் என்ன கஷ்டம்?

"சும்மாதானே நிற்கிறார், படுத்துத் தூங்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் உடன் இருந்து பார்த்ததால் சொல்கிறேன். வரிசை நகரும்போது வண்டியை நகர்த்த வேண்டும். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் டோக்கன் பின்னால் போய்விடும். தார்ப்பாயையும் கயிற்றையும் டீசல் டேங்கையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அது ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிற நேரம்.

பல கிடங்குகளில் டிரைவர் உட்கார நிழல் இல்லை. கழிப்பறை உள்ளே இருந்தாலும் டிரைவருக்குத் திறப்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் சாதாரண வண்டி ஏ.சி.யின் கம்ப்ரசரை எஞ்சின்தான் சுற்றுகிறது என்பது மெக்கானிக்கல் மாணவர்களுக்குத் தெரியும். நிற்கிற கனரக லாரியின் எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல் வீண். எந்த டிரைவர் கிடங்கு வாசலில் ஏழு மணி நேரம் எஞ்சினை ஓட்டிக்கொண்டு உட்காருவார்? ஆகவே ஓடும்போது குளிர்கிற கேபின், நிற்கும்போது பழைய கேபினேதான்.

அடுத்தது வருமானம். பெரும்பாலான டிரைவர்களுக்குச் சம்பளம், பேட்டா எல்லாம் நடை கணக்கு. நடை என்றால் போய் வந்தது. நின்றது அதில் சேராது. ஒரு மாதத்தில் ஒரு நடை குறைந்தால் ஒரு நடைக் காசு குறைந்தது, அவ்வளவுதான். ஹால்டிங் சார்ஜ் என்று ஒன்று பேச்சில் உண்டு. அது முதலாளிக்கும் சரக்கு அனுப்புகிறவருக்கும் இடையில் தீரும் விஷயம். டிரைவர் கைக்கு எவ்வளவு வரும் என்பது அந்தந்த முதலாளியின் மனதைப் பொறுத்தது.

காகிதத்துக்கும் ஆயுள் உண்டு. ஈ-வே பில் 2018 ஏப்ரல் 1இல் மாநிலங்களுக்கு இடையிலும், தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு ஜூன் 2இலும் நடைமுறைக்கு வந்தது. முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஓடும் தூரத்தை வைத்து நாளைக் கணக்கிடுகிறார்களே தவிர, வாசலில் நிற்பதற்கு அதில் தனி நாள் இல்லை. சரக்கு இறங்கும் முன் காலம் முடிந்தால், முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் எங்கோ ஓர் ஆபீசில் இருப்பார். வண்டியைப் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர்.

ரோடு மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளாக லாரிப் பயணத்தின் பெரிய தாமதம் சோதனைச் சாவடிகளில் இருந்தது. புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போன பழைய டிரைவர்கள் அந்தக் கதைகளைச் சொல்வார்கள். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி நடுவில் சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. நான்கு வழிச் சாலைகள் வந்தன. ரோட்டில் மணிக்கணக்கில் நேரம் மிச்சமாயிற்று. ஆனால் அந்த மிச்சத்தைக் கொண்டுபோய் டிரைவர்கள் எங்கே கொட்டுகிறார்கள்? கிடங்கு வாசலில். முன்பு வழியில் நின்றதை இப்போது போன இடத்தில் நிற்கிறார்கள். குழாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கடைசியில் இருக்கும் வால்வு சிறியதாக இருந்தால் தண்ணீர் அந்த அளவுக்குத்தான் வரும் என்பது நாம் படித்ததுதானே!

கணக்குப் பாடம் சொல்வது

வரிசையைப் பற்றி ஒரு தனிக் கணிதமே இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்பவர் 1909இல் தொலைபேசி அழைப்புகளை வைத்து இதைத் தொடங்கினார். அதிலிருந்து ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிடங்கில் ஒரே இறக்குமேடை இருக்கிறது. ஒரு லாரியை இறக்கச் சராசரியாக 1 மணி நேரம். லாரிகள் நேரம் சொல்லாமல், வந்தபோது வருகின்றன. சில வண்டி சீக்கிரம் இறங்கும், சில நேரம் பிடிக்கும். கிடங்கு இரவு பகல் ஓயாமல் இயங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம்.

பத்து மணி நேரத்துக்குச் சராசரியாக 5 லாரி வந்தால், ஒரு லாரி தன் முறைக்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் 1 மணி.
8 லாரி வந்தால் 4 மணி.
9 லாரி வந்தால் 9 மணி.

ஐந்திலிருந்து எட்டுக்கு மூன்று லாரி கூடியதில் மூன்று மணி நேரம் கூடிற்று. எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஒரே ஒரு லாரி கூடியதில் ஐந்து மணி நேரம் கூடிவிட்டது! மேடை எந்த விகிதத்தில் வேலையாக இருக்கிறதோ, அந்த எண்ணை அது சும்மா இருக்கும் விகிதத்தால் வகுத்து, இறக்கும் நேரத்தால் பெருக்கினால் இந்த விடை வரும். மேடை சும்மா இருக்கும் நேரத்தைக் குறைக்கக் குறைக்க, வாசலில் நிற்கிறவன் நேரம் ஏறிக்கொண்டே போகிறது.

"எங்கள் மேடை ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை" என்று ஒரு கிடங்கு மேலாளர் பெருமையாகச் சொன்னால், நாம் அந்த வாக்கியத்தை இப்படித் திருப்பிப் படிக்க வேண்டும்: "எங்கள் வாசலில் லாரி நிற்காத நிமிடம் இல்லை."

இரண்டாவதாக ஒரு மேடை கட்டி, வரும் லாரியையும் இரட்டிப்பாக்கி, அதாவது பத்து மணி நேரத்துக்கு 18 லாரி என்று வைத்து, வரிசையை மட்டும் ஒன்றாகவே விட்டால் காத்திருப்பு 9 மணியிலிருந்து ஏறத்தாழ நாலேகால் மணிக்கு இறங்கும். ஒவ்வொரு மேடைக்கும் அதே வேலைதான். இரண்டில் எது முதலில் காலியாகிறதோ அதற்கு அடுத்த வண்டி போகிறது என்பது மட்டுமே வித்தியாசம். லாரிகள் நேரம் பேசிக்கொண்டு வந்தால் இன்னும் குறையும்.

கப்பலுக்கு உண்டு, வேகனுக்கு உண்டு

நிற்கும் நேரத்துக்கு விலை வைக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்த கப்பலில் சரக்கு ஏற்ற இறக்க இவ்வளவு காலம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். அதற்கு டெமரேஜ் என்று பெயர். ரயில்வேயிலும் அப்படியே. வேகனைக் காலி செய்ய இலவச நேரம் உண்டு. அது முடிந்தால் வேகனை நிறுத்தி வைத்ததற்கு டெமரேஜ். இறக்கிய சரக்கை ஸ்டேஷனிலிருந்து எடுக்காவிட்டால் அதற்கு வார்பேஜ். கண்டெய்னரை இலவச நாட்களுக்குள் திருப்பித் தராவிட்டால் கப்பல் கம்பெனி அதற்கும் பணம் கேட்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு கண்டெய்னர் லாரி கிடங்கு வாசலில் நிற்கிறது. மேலே இருக்கும் இரும்புப் பெட்டிக்குக் கடிகாரம் ஓடுகிறது. கீழே ஸ்டியரிங் பிடித்திருக்கும் மனிதனுக்குக் கடிகாரம் இல்லை.

சரக்குக்கும் கடிகாரம் உண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில், பெற்றுக்கொள்ள வேண்டியவர் சரக்கை எடுக்கத் தவறினால் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் பார்க்க வேண்டும் என்றும், அழுகும் சரக்கானால் அறிவிப்புக் கொடுத்து 24 மணி நேரம் போதும் என்றும் இருக்கிறது. இதன் நியாயம் நமது ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவில் பூச்சந்தையில் பூ மூட்டை வந்து இறங்குகிற வேகத்தைப் பார்த்திருக்கிறோம். அங்கே டோக்கன் இல்லை, சார் வரட்டும் என்ற பேச்சில்லை. பூ வாடிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மனிதன் வாடுவது அப்படி வெளியே தெரிவதில்லை.

சட்டத்தின் பதினைந்து நிமிடம்

தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. வேலை நேரம் என்றால் என்ன என்றும் விளக்கியது. வண்டி ஓடும் நேர வேலை சேரும். அதைச் சார்ந்த துணை வேலைகள் சேரும். மூன்றாவதாக, டெர்மினலில் 15 நிமிடத்துக்குக் குறைவாக வெறுமனே காத்திருக்கும் நேரமும் சேரும்.

அந்தச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் கலந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிட வாசகம் புதிய சட்டத்திலும் அப்படியே வந்திருக்கிறது.

பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக நின்றால் அது வேலை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஏழு மணி நேரம் நின்றால்? அதை அப்படி எழுதி வைக்கவில்லை. பஸ் நிலையத்தை மனதில் வைத்து எழுதிய வாசகம் போலத் தோன்றுகிறது. கிடங்கு வாசல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஒரே லாரியை வைத்து ஓட்டும் சொந்த வண்டிக்காரருக்கோ இந்த வரம்புகள் பழைய சட்டத்தில் எட்டவே இல்லை.

வாசலில் நின்றது ரோட்டுக்கு வரும்

இது டிரைவர்கள் பிரச்சினைதானே, நமக்கு என்ன என்று கேட்கலாம். வாசலில் இழந்த நேரத்தை டிரைவர் எங்கே பிடிப்பார்? ரோட்டில்தான் பிடிப்பார். எங்கள் பயணத்திலும், மாலை 6.10க்குக் காகிதம் வாங்கிய சித்தப்பா, மறுநாள் விடியற்காலை வேறோர் ஊரில் திரும்பு லோடு ஏற்ற வேண்டியிருந்தது. பகல் முழுக்க வெயிலில் விழித்திருந்தவர் இரவு முழுக்க ஓட்டினார். டீக்கடை டீக்கடையாக முகம் கழுவிக்கொண்டு ஓட்டினார். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் பயம்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் இதைக் கணக்கிட்டு வெளியிட்டது. ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. அங்கும் காத்திருப்பால் டிரைவர்கள் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழக்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. அங்கே ரோடும் வண்டியும் வேறு. ஆனால் தூக்கம் எல்லா நாட்டு மனிதனுக்கும் ஒன்றுதான்.

ஜப்பான் ஒரு படி மேலே போயிற்று. 2017 ஜூலை முதல், பெரிய லாரிகளின் டிரைவர்கள் சரக்கு அனுப்புகிறவரின் வசதிக்காக 30 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால், இடத்தையும் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. 2023 ஜூனில், காத்திருப்பும் ஏற்றி இறக்குவதும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எழுதச் சொன்னார்கள், பிறகு குறைக்கச் சொன்னார்கள்.

கிடங்குக்காரர் பக்கம்

ஒரு பக்கம் மட்டும் பேசுவது ஆய்வு ஆகாது. கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எல்லா வண்டியும் ராத்திரி ஓட்டிட்டு விடியக்காலம் ஒண்ணா வந்து நிக்கிறாங்க. பத்து மணிக்கு மேல ஒரு வண்டி கெடையாது. நாங்க என்ன செய்ய?" இதில் உண்மை இருக்கிறது. பெருநகரங்களில் நெரிசல் நேரத்தில் லாரிக்குத் தடை இருப்பதாலும் வண்டிகள் ஒன்றாகக் குவிகின்றன.

லோடுமேன்களைக் குறை சொல்வதும் எளிது. 10 டன் என்றால் 50 கிலோ மூட்டை 200. நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, அதாவது இரண்டரை டன் ஒரு மனிதன் முதுகில். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தால் அது சோம்பேறித்தனமா? மாறாக, வேலை செய்யாமலே கூலி கேட்கும் வழக்கமும் உண்டு. கேரளத்தில் அதற்கு நோக்குகூலி என்று பெயரே இருந்தது. 2018 மே 1 முதல் அதை அந்த அரசே தடை செய்தது. சுமக்கிறவருக்கு உரியதைக் கொடுப்பது வேறு, வழிமறித்து வாங்குவது வேறு.

கிடங்கில் இடம் இல்லாவிட்டால் எந்தச் சூப்பர்வைசரும் ஒன்றும் செய்ய முடியாது. 2025 அக்டோபரில் டெல்டா மாவட்டங்களில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டைகள் நகரத் தாமதமாகி, மழையில் நனைந்து முளைவிட்டதைச் செய்திகளில் பார்த்தோம். இறங்கும் இடத்தில் லாரி நின்றால் ஏற்றும் இடத்துக்கு லாரி வராது. ஏற்றும் இடத்தில் நெல் நிற்கும். நெல்லோடு விவசாயியும் நிற்பார். ஒரு வாசலில் தொடங்கிய 'டி' அடுத்த வாசலுக்கும் போகிறது.

நம்மால் ஆவது

இத்தனையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று. நிற்கும் நேரம் யாருடைய கணக்கிலும் எழுதப்படாததால்தான் யாரும் அதைக் குறைப்பதில்லை. கிடங்குக்கு அது செலவில்லை. சரக்கு அனுப்பியவருக்குக் கண்ணில் படுவதில்லை. நான் பார்த்த லாரி ரசீதுகளில் தேதிக்கு இடம் இருக்கிறது, எடைக்கு இடம் இருக்கிறது, வந்த மணிக்கும் போன மணிக்கும் இடம் இல்லை. எழுதாத நேரத்துக்குக் கூலியும் கேட்க முடியாது, குறையும் சொல்ல முடியாது.

ஆகவே எனது யோசனைகள் சிறியவை.

1. வண்டி வாசலுக்கு வந்த மணி, மேடைக்குப் போன மணி, சரக்கு இறங்கிய மணி, கையெழுத்தான மணி ஆகிய நான்கையும் ரசீதின் பின்புறம் எழுதி, கேட்டில் இருப்பவரும் டிரைவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

2. வாடகை பேசும்போதே இலவச நேரம் இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, அதில் டிரைவருக்கு இவ்வளவு என்று எழுதிப் பேச வேண்டும்.

3. முதல் நாள் மாலையே போனில் நேரம் கொடுத்து வண்டிகளைப் பிரித்து வரச் சொல்ல வேண்டும்.

4. வாசலில் ஒரு நிழல், ஒரு குடிநீர்க் குழாய், டிரைவருக்கும் திறந்த ஒரு கழிப்பறை. இதற்குக் கணிதம் தேவையில்லை.

இதில் நமது பிராஜெக்டுகளுக்கும் வேலை இருக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் மடக்கி எடுத்துப் போகக்கூடிய உருளைக் கன்வேயர் செய்யலாம். அந்த இரண்டரை டன் முதுகிலிருந்து இறங்கும். சிவில் நண்பர்கள், லாரித் தளம் ஒரு உயரமும் மேடை ஒரு உயரமுமாக இருக்கும் கிடங்குகளுக்குச் சரிவுப் பலகை வடிவமைக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் டோக்கன் எண் காட்டும் பலகை செய்யலாம். டிரைவர் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். கம்ப்யூட்டர் நண்பர்கள் நேரம் கொடுக்கும் செயலி எழுதலாம். எழுதினால் தமிழில் எழுதுங்கள்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாம் எங்கே போகப் போகிறோம்? நம்மில் பலருக்கு முதல் வேலை ஸ்டோர்ஸிலோ டெஸ்பாட்சிலோ கிடங்கிலோதான் கிடைக்கும். "சார் வந்தாத்தான் டோக்கன்" என்று கேட்டில் சொல்வார்களே, அந்த சார் நாளை நாமாக இருப்போம். நமது மேசையில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் சரக்கின் எண்ணிக்கையை எழுதுவோம், எடையை எழுதுவோம், டேமேஜ் எத்தனை, ஷார்ட்டேஜ் எத்தனை என்று எழுதுவோம். பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து, "வண்டி வந்த மணி" என்று தலைப்பிட ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும். மேலதிகாரியின் அனுமதிகூட அதற்கு வேண்டியதில்லை.

அந்தக் கோட்டைக் கிழிப்போமா?